மினுக்கம் போன ஊர்

கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவே, ஓடைப்பாலத்தைத் தாண்டினால்தான் மற்ற உலகம் என்று ஒதுங்கிக் கிடந்த சிலுவைக்கரையில், லாசரின் வள்ளம் இனித் திரும்பாது என்பது எல்லாருக்கும் தெரிந்துபோன அன்று காலையில், பொருள்களின் மேலிருந்த மினுக்கம் போய்விட்டது. வெளிச்சம் எங்கும் போகவில்லை. வெயில் எப்போதும்போலத் தலையைப் பிளந்தது, சிவப்பு சிவப்பாகவும் நீலம் நீலமாகவும் இருந்தது, நிழல்கள் அவரவர் காலடியில் ஒழுங்காகக் கிடந்தன. ஆனால் எவர்சில்வர் குடம் சாம்பலில் பிடித்து வைத்ததுபோல இருந்தது, எண்ணெய் தேய்த்த கூந்தல் பனைநாராக இருந்தது, கோயில் மாதாவின் கிரீடம் மஞ்சள் பூசிய அட்டையாக இருந்தது, விடிந்ததும் கண்ணைக் கூசவைக்கிற கடலோ யாரோ அவிழ்த்துப் போட்ட பழைய தார்ப்பாய் மாதிரி மடிப்பு மடிப்பாக அசைந்துகொண்டிருந்தது.

வியாகுலம் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தாள், பிறகு சாம்பல் போட்டுத் தேய்த்தாள், பிறகு மணல் போட்டுத் தேய்த்தாள், கோளாறு குடத்தில் இல்லை என்பது புரிந்ததும் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் புருஷன் மிக்கேல் அந்த வள்ளத்தில் போனவன். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தும், "கூண்டு கரையில நிக்கவனுக்குத்தாம்ல, கடல்ல போறவனுக்கு இல்ல" என்று சிரித்துக்கொண்டே வள்ளத்தைத் தள்ளியவன் லாசர். அவனை நம்பி ஏறியவர்களில் ஒருவன் மிக்கேல். வள்ளத்தில் போன ஒருவன்கூட மிஞ்சவில்லை, ஒருவனுடைய உடலும் ஒதுங்கவில்லை.

உடல் வந்திருந்தால் அந்த ஊர் ஓலமிட்டிருக்கும். மாரில் அடித்துக்கொண்டு, மண்ணை வாரித் தூற்றி, பேர் சொல்லிப் பேர் சொல்லி அழத் தெரிந்த ஊர்தான் அது. ஆனால் உடல் இல்லாமல் ஓலமிட்டால் போனவனை நம் வாயாலேயே சாகடித்ததாகிவிடும் என்று பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டார்கள். பங்குச்சாமி கஸ்பார் வெறும் போட்டோக்களை வரிசையாக வைத்துப் பூசை வைத்தபோது கோயிலில் இருமல் சத்தம்கூடக் கேட்கவில்லை. வியாகுலம் தலையைத் திருப்பி ஸ்டெல்லாவைப் பார்த்தாள். லாசரின் மனைவி ஸ்டெல்லா, வியாகுலத்தோடு ஒரே நாளில் கோயிலில் முதல் நன்மை அப்பம் வாங்கியவள், ஒரே கிணற்றில் குளித்து வளர்ந்தவள், முறைக்கு அவளை மதினி என்று கூப்பிடுகிறவள். ஸ்டெல்லாவின் முகம் காய்ந்த களிமண்போல இருந்தது. ஸ்டெல்லாவும் திரும்பி வியாகுலத்தைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் வியாகுலம் மகள் பெலாசியாவிடம் சொன்னாள்: "இத்தனை வீட்டைக் குழியில தள்ளிட்டுப் போயிருக்கான் அவ புருஷன். அவ கண்ணு நனைஞ்சுதா பாத்தியாட்டி? ஒரு சொட்டு?"

பெலாசியா பார்த்துக்கொண்டிருந்தது அம்மாவின் முகத்தை. அதுவும் அப்படித்தான் காய்ந்து கிடந்தது.

மினுக்கம் போனதை ஊர் முதலில் யாரிடமும் சொல்லவில்லை, பிறகு சொன்னது, பிறகு சொல்லிச் சொல்லி அலுத்து, பழகிக்கொண்டது. முகம் பார்க்கும் கண்ணாடிகள் சாம்பல் பலகைகளாகிவிட்டதால் ஆண்கள் ஒருவருக்கொருவர் சவரம் செய்துகொண்டார்கள், பெண்பிள்ளைகள் ஒருத்திக்கொருத்தி பொட்டு வைத்துவிட்டார்கள். பானையில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க விரலை விட்டார்கள். ஈரத்தரைக்கும் காய்ந்த தரைக்கும் வித்தியாசம் தெரியாமல் ஆளாளுக்கு வழுக்கி விழுந்தபின், தண்ணீர் சிந்தினவர் "தண்ணி, தண்ணி" என்று தெருவுக்குக் கேட்கக் கத்துவது வழக்கமாயிற்று. ஏலக்கூடத்தில் வியாபாரிகள் மீனின் கண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் செவுளைப் பிளந்து மோந்து பார்த்து எடுத்தார்கள். கல்யாணம் ஒன்று வந்தபோது பெண்ணின் பட்டுச்சேலை கோணி மாதிரி இருக்கிறதே என்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் முகத்தைச் சுளிக்க, பெண்ணின் அத்தை அவர்கள் கையைப் பிடித்து முந்தியைத் தடவ வைத்தாள், தடவிப் பார்த்தவர்கள் சமாதானமாகி இலை போடச் சொன்னார்கள்.

பாலத்துக்கு அந்தப்பக்கம் போனால் எல்லாம் பழையபடி மினுங்கியது. பாலத்துக்கு இந்தப்பக்கம் வந்தால் யார் கண்ணாயிருந்தாலும், கலெக்டர் கண்ணாயிருந்தாலும், மினுக்கம் நின்றுவிடும். பேருந்து நடத்துனர் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் விசிலடித்து, "மினுக்கம் முடியுது, சிலுவைக்கரை எறங்குறவங்க எந்திரிங்க" என்று சொல்லப் பழகினார். முதலில் சிரித்தவர்கள் பிறகு சிரிக்கவில்லை.

ஆனால் வேறொன்றும் அந்த ஊருக்குள் வந்திருந்தது, அதற்கு யாரும் பேர் வைக்கவில்லை. உப்புக்காற்றில் எல்லார் கண்ணும் எப்போதும் சிவந்தே கிடக்கும் ஊர் அது. ஆனாலும் ஒருவர் முகத்தில் ஒருவர் துக்கத்தைத் தேடினார்கள், காணாமல் கசந்தார்கள். தம்பியைப் பறிகொடுத்த அண்ணன் தம்பி பெண்டாட்டியைப் பற்றி, மகனைப் பறிகொடுத்த தாய் மருமகளைப் பற்றி, கல்நெஞ்சு என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டார்கள். வியாகுலம் ஸ்டெல்லாவின் வாசல் வழியாகப் போவதை விட்டுவிட்டு மீன்கூடையோடு கடற்கரையைச் சுற்றிப் போனாள். பெலாசியா அம்மாவோடு ஒரே பாயில் படுத்துக்கொண்டு, இந்த மனுஷிக்கு எங்க அப்பா யாரோவா என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு மாசி மாதத்தில் ஜெர்மனியிலிருந்து ஹெல்கா என்ற பேராசிரியை வந்தார். கண் எப்படி ஒரு பொருளைத் தொடாமலே இது ஈரம், இது வழவழப்பு, இது பட்டு, இது பால் என்று அறிந்துகொள்கிறது என்பதை ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர். வெள்ளைத் தலைமுடி, முழங்கால்வரை வெயிலில் சிவந்த கால்கள். பெட்டி பெட்டியாகக் கருவிகளோடு வந்து உருண்டைகளையும் துணிகளையும் தகடுகளையும் மீன்களையும் அளந்தார். கருவிகள் எல்லாம் மினுக்கம் இருக்கிறது என்றே சொல்லின. அங்கே எடுத்த படங்களைப் பாலத்துக்கு அப்பால் கொண்டுபோய்ப் பார்த்தால் படத்திலும் மினுக்கம் இருந்தது. மனிதர்களின் கண்ணுக்குத்தான் அது அந்த மண்ணில் எட்டவில்லை. முகங்களை மட்டும் படமெடுக்க ஊர்க்கமிட்டி அவரை விடவில்லை. வள்ளம் போன நாட்களில் டிவிக்காரர்கள் வந்து பெண்களின் மூக்குக்கு நேரே கேமராவை நீட்டியிருந்தார்கள். அன்றைக்கே, இனி எந்த அந்நியனும் எங்கள் முகத்தைப் பிடிக்கக்கூடாது என்று கோயில் முற்றத்தில் தீர்மானம் போட்டிருந்தார்கள். செல்போன் எல்லார் கையிலும் வராத காலமாகையால் தீர்மானம் நின்றது.

ஹெல்கா தன் ஊருக்குத் திரும்பிப் போன பிறகு கோயில் பலகையில் கஸ்பார் சாமி ஓர் அறிவிப்பை ஒட்டினார். பொருள்களையும் ஒளியையும் கண் அறியும் விதம் பற்றி ஹெல்காவின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ய இடம் இருக்கிறது, உதவித்தொகை உண்டு, சிலுவைக்கரையில் பிறந்தவர்களுக்கு முன்னுரிமை. ஊரில் இயற்பியல் முதுகலை படித்தவள் பெலாசியா ஒருத்திதான். கன்னியர் பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியையாக இருந்தாள்.

"ஒளியைப் படிக்கப் போறியாம்லா?" என்றாள் வியாகுலம், மீன் அலசிக்கொண்டே.

"ஆமாம்மா. மூணு நாலு வருஷம் ஆகும்."

"இங்க இல்லாததை அங்க போயி படிக்கணுமோ?"

"இங்க ஏன் இல்லன்னு அங்கதாம்மா படிக்க முடியும்."

வியாகுலம் செதிலைத் தள்ளிவிட்டு அடுத்த மீனை எடுத்தாள். பிறகு, "போ மக்கா. உங்கப்பனும் நான் சொல்லிக் கேட்டவன் இல்ல" என்றாள். அதைச் சொன்னபோது அவள் குரல் சரியாகத்தான் இருந்தது, முகமும் காய்ந்துதான் இருந்தது, பெலாசியாவுக்கு அது மேலும் வலித்தது.

நேர்முகத்துக்கு ஹெல்கா மறுபடியும் வந்தார். பள்ளிக்கூட வகுப்பறையில் உட்கார்ந்து பல கேள்விகள் கேட்டுவிட்டுக் கடைசியாக, "மினுக்கம் போனதில் நீ இழந்தது எது?" என்று கேட்டார்.

பெலாசியா யோசித்தாள். "எங்க அப்பா போட்டோவுக்குக் கண்ணாடி போட்டிருக்கோம், மேடம். இப்ப அந்தக் கண்ணாடி இருக்கறதே தெரியல. கையை நீட்டினா அப்பா கன்னத்தைத் தொட்டுடலாம்போல இருக்கு. நீட்டினா கண்ணாடி இடிக்குது. தினமும் இடிக்குது."

ஹெல்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இடம் கிடைத்து, ஜெர்மனியில் பனி பெய்கிற ஹெல்காவின் ஊரில் பெலாசியா ஒரு இருட்டறைக்குள் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர்களுக்கெல்லாம் திரையில் படங்களைக் காட்டி, எது ஈரம், எது மெழுகு, எது உயிருள்ளது என்று கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தாள். ஒரு முகத்தின் படத்தில் கண்மணியின் ஓரத்திலுள்ள ஒரு கடுகளவு வெள்ளைப் புள்ளியை அழித்துவிட்டால், பார்ப்பவர்கள் எல்லாரும், எந்த நாட்டுக்காரராயிருந்தாலும், இந்த ஆள் செத்துப்போனவர் என்றார்கள். புள்ளியைத் திருப்பி வைத்தால், இல்லை இருக்கிறார் என்றார்கள். உயிர் என்று மனிதர்கள் நம்புவது இத்தனை சின்னதா என்று அவள் முதல் குளிர்காலம் முழுக்க நினைத்து நினைத்துத் திகைத்தாள். சாப்பாட்டு மேசையில் ஸ்பூன் மினுங்கும்போது அவளுக்குக் கூசியது, ஏதோ துரோகம் செய்வதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஆராய்ச்சி ஓரிடத்தில் வந்து நின்றது. சிலுவைக்கரை மனிதர்களின் முகங்கள் வேண்டும். பார்ப்பவர்களின் கண்களும் பார்க்கப்படும் முகங்களும் ஒரே மண்ணில் இருக்கும்போது என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். ஹெல்கா எழுதிக் கேட்டபோது மறுத்த ஊர்க்கமிட்டி, பெலாசியா நேரில் வந்து நின்றதும், "நம்ம மிக்கேல் மவதான, எடுத்துட்டுப் போவட்டும்" என்று விட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, நல்ல வெயிலில், கோயில் முற்றத்துப் பூவரசு மரத்தின் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, வந்து உட்கார்ந்தவர்களையெல்லாம் அவள் படமெடுத்தாள். வியாகுலம் வந்து உட்கார்ந்தாள், சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு நேராகப் பார்த்தாள். ஸ்டெல்லாவும் வந்தாள், அவள் வருவதைக் கண்டதும் வியாகுலம் எழுந்து வேறுபக்கம் போய்விட்டாள். அன்று பெலாசியாவின் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் சுட்ட மண்ணில் செய்ததுபோன்ற முகங்கள்தான்.

திரும்பிப் போய் இருட்டறையில் படங்களைத் திறந்தாள். முதல் படத்திலேயே கை நின்றுவிட்டது.

பின்னால் வந்து நின்ற ஹெல்கா குனிந்து பார்த்தார். "மழையில் எடுத்தாயா?"

"இல்ல மேடம். நல்ல வெயில்."

மீன் ஏலம் விடுகிற சிலுவைராஜின் முரட்டுக் கன்னங்கள் இரண்டிலும் தண்ணீர் இறங்கியிருந்தது. கஸ்பார் சாமியின் தாடையில் ஒரு துளி விழப்போய் நின்றிருந்தது. தம்பியை இழந்த அண்ணன், அவன் கல்நெஞ்சுக்காரி என்று சொன்ன தம்பி பெண்டாட்டி, மகனை இழந்த தாய், அவளுடைய மருமகள், கடை வைத்திருக்கிறவன், வலை பின்னுகிறவன், ஒவ்வொருவரும் ஒரு தசையும் கோணாமல் நேராகப் பார்த்தபடி அழுதுகொண்டிருந்தார்கள். திரை முழுக்க, படத்துக்குப் படம், அந்த ஈரம் மினுங்கிக்கொண்டே இருந்தது. கண்ணீருக்கு நிறமில்லை, மினுக்கம் ஒன்றுதான் அதைக் காட்டிக்கொடுக்கும். மினுக்கம் இல்லாத ஊரில் அழுவது யாருக்கும் தெரியாது என்பதை ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்து, தான் ஒருத்தர்தான் இந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்வதாக நினைத்துக்கொண்டு, மீன் விற்கும்போதும் சோறு பரிமாறும்போதும் அடுத்த வீட்டுக்காரியோடு சண்டை போடும்போதும் கண்ணைத் திறந்துவிட்டிருந்தார்கள். பெலாசியாவுக்கும் அது தெரியும். அவளும் அந்த ஊரில் இருந்தவரை அம்மாவின் எதிரே உட்கார்ந்து அப்படித்தான் அழுதிருக்கிறாள். பேருந்து பாலத்தை நெருங்கும்போது பெண்கள் எல்லாரும் முந்தானையால் முகத்தைத் துடைப்பது புழுதிக்காக என்று அவளும் நம்பியிருந்தாள்.

அம்மாவின் படத்தைக் கடைசியாகத் திறந்தாள். வியாகுலத்தின் முகத்தில் காய்ந்த இடமே இல்லை.

ஹெல்கா மெல்லச் சொன்னார்: "உன் ஆராய்ச்சி முடிந்துவிட்டது, பெலாசியா. இதைவிடப் பெரிதாக யாரும் எதையும் இந்தத் துறையில் கண்டதில்லை."

"அவங்களுக்குத் தெரியணும், மேடம். முதல்ல அவங்களுக்கு."

படங்களை அச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு கோடைவிடுமுறைக்கு ஊருக்கு வந்தாள். ஊருக்குள் வைத்துக் காட்டிப் பயனில்லை, அச்சிலும் அங்கே மினுக்கம் தெரியாது. அதனால் மறுநாள் காலையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்தாள். பாலம் முடிகிற இடத்தில் வியாகுலம் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள். பெலாசியா பார்க்காததுபோல நடந்தாள். அந்தப்பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்து, உறையைப் பிரித்து, அம்மாவின் படத்தை முதலில் கொடுத்தாள்.

வியாகுலம் பார்த்தாள். சட்டென்று கையால் படத்தின் முகத்தை மூடினாள், யாரோ தன் சேலையை விலக்கிவிட்டதுபோல.

"யாரெல்லாம் பாத்தா இதை?"

"நானும் மேடமும்தாம்மா."

"எனக்கு வேற எடம் இல்லட்டி. ஊரே கல்லா நிக்கும்போது நான் ஒருத்தி அழுதா, அவரு போயிட்டாருன்னு நானே சொன்னதா ஆயிரும்லா. தெரியாதுல்லா, யாருக்கும் தெரியாதுன்னுதான்..."

"யம்மா. மத்ததையும் பாரு."

ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். வியாகுலம் ஒவ்வொருவர் பேரையும் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. டீ ஆறி ஆடை படர்ந்தது. ஸ்டெல்லாவின் படம் வந்தபோது பேர் சொல்லவில்லை. படத்தில் ஸ்டெல்லாவின் கண்ணீர் கழுத்துவரை இறங்கி, ரவிக்கையின் ஓரத்தை நனைத்திருந்தது.

"இது பூசைக்கு அப்புறம் எடுத்ததா?"

"ஆமா. நீ எந்திரிச்சுப் போனியே, அப்ப."

வியாகுலம் படத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உப்பளத்தைப் பார்த்தபடி இருந்தாள். அங்கே பாத்திகளில் வெயில் கண்ணைப் பறித்தது.

"இதை நீ புத்தகத்துல போடப் போறியா?"

"போட்டாத்தாம்மா பட்டம் கிடைக்கும். நல்லா கிடைக்கும்."

"போடாத மக்கா." கெஞ்சுகிற குரல் அல்ல அது, மகளிடம் அவள் அதுவரை எதுவும் கேட்டதில்லை. "டிவிக்காரன் மறுபடி வருவான். எல்லாரும் துடைக்க ஆரம்பிச்சிருவாங்க. அழ ஒரு ஊராவது இருக்கட்டும்."

பெலாசியா படங்களை வாங்கி உறைக்குள் வைத்தாள். அந்தக் கணத்தில் தான் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று அவளுக்கு முழுக்கத் தெரிந்திருந்தது. பின்னாளில் அவள் கொடுத்த ஆய்வேட்டில் உருண்டைகளும் தகடுகளும் நனைந்த துணிகளும் மட்டும் இருந்தன. பட்டம் கிடைத்தது, ஆனால் பேர் வரவில்லை, ஹெல்கா அவளோடு வெகுநாள் பேசவில்லை, கூடப் படித்தவர்கள் பெரிய இடங்களுக்குப் போனபோது அவள் ஒரு சின்னக் கல்லூரியில் பாடம் நடத்தினாள்.

அன்று பாலத்தைக் கடந்து ஊருக்குள் திரும்பியதும் வியாகுலம் கடற்கரைப் பக்கம் திரும்பவில்லை. நேராக நடந்து ஸ்டெல்லாவின் வீட்டு வாசலில் போய் நின்றாள். ஸ்டெல்லா உள்ளே கருவாடு பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் முகம் களிமண்ணாகவே இருந்தது.

"என்ன மதினி, சண்டைக்கு வந்தியளா? நாலு வருஷமா வரல. இப்ப வாங்க, வந்து கேளுங்க. எம்புருஷன்தான் கொண்டுபோயிக் கொன்னான். நானும் அதத்தான் நெனச்சிட்டுக் கெடக்கேன்."

வியாகுலம் எதிரே உட்கார்ந்து வலதுகையை நீட்டினாள். அடிக்கத்தான் ஓங்குகிறாள் என்று ஸ்டெல்லா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். கை வந்து கன்னத்தில் பதிந்து அங்கேயே நின்றது.

"எடுங்க மதினி, கைய எடுங்க," என்றாள் ஸ்டெல்லா, தலையை விலக்கப் பார்த்து. "நான் ஒண்ணும் அழல."

"ஆமா, நீ அழல," என்றாள் வியாகுலம். "எங்கையிதான் நனையுது."

ஸ்டெல்லாவின் கருவாட்டுக் கை மெல்ல மேலே வந்து, தடவித் தடவி, வியாகுலத்தின் முகத்தைத் தேடிப் பிடித்தது. வாசலில் நின்ற பெலாசியாவின் கண்ணுக்கு, வறண்ட முகத்தோடு இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பது மட்டுமே தெரிந்தது.